சமிக்ஞை நின்றால் பறவை இறந்ததாகுமா?

உங்கள் கேள்வியைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வட இங்கிலாந்தில் கோடையில் செயற்கைக்கோள் வழியே இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தப்பட்ட இளம் பூனைப்பருந்து ஒன்றின் சமிக்ஞை டிசம்பரில் நின்றுபோனதையும், அதைச் 'சந்தேகத்துக்குரிய மறைவு' என்று பறவைப் பாதுகாப்பு அமைப்பினர் அறிவித்ததையும் படித்துவிட்டு, சூரிய ஒளியில் ஓடும் கருவி குளிர்காலத்தில் நிற்பது இயல்புதானே என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, பறக்கத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகாத பறவையின் முதுகில் ஒரு சுமையைக் கட்டிவிட்டு, அது செத்ததும் பழியை வேறு யார்மீதோ போடுவது நியாயமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: ஒரு கருவி பேசாமல் போனதை வைத்துக்கொண்டு நாம் எவ்வளவு பேசலாம்? கேட்க வேண்டிய கேள்விதான். இந்தத் துறையில் இருப்பவர்களே இதைப் போதுமான அளவு கேட்டுக்கொள்வதில்லை என்பது என் எண்ணம்.

இங்கிலாந்தின் வடபகுதியிலும் ஸ்காட்லாந்திலும் 11 ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தேன். முதல் சில ஆண்டுகள் கூடுகளைத் தேடி அலையும் களப்பணியாளனாகவும், பிறகு கருவிகள் அனுப்பும் தரவுகளைத் தினமும் காலையில் திறந்து பார்ப்பவனாகவும். நான் கால்நடை மருத்துவன் அல்லன், சட்டம் படித்தவனும் அல்லன். ஆகவே இறந்த பறவையின் உடற்கூற்றைப் பற்றியும் வழக்குகளைப் பற்றியும் சொல்லும்போது, அருகில் நின்று பார்த்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பேசும் பறவை ஆங்கிலத்தில் ஹென் ஹேரியர் எனப்படுவது. பனிக்காலத்தில் நம் தென்மாவட்டக் கரிசல் காடுகளிலும் புல்வெளிகளிலும் தரையை ஒட்டித் தாழப் பறந்து, மாலையில் புல்லுக்குள் கூட்டமாக இறங்கி அடையும் பூனைப்பருந்துகளுக்கு இது நெருங்கிய உறவு. இதுவும் மரத்தில் கூடு கட்டுவதில்லை. ஹெதர் எனப்படும் குட்டைப்புதர் மூடிய மேட்டுநிலங்களில், தரையிலேயே முட்டையிடும். வளர்ந்த ஆண் வெளிர் சாம்பல் நிறம். பெண்ணும் முதல் ஆண்டுப் பறவைகளும் பழுப்பு நிறம், வாலடியில் வெள்ளைப் பட்டை. பறக்கும்போது தூரத்திலிருந்து பார்த்தால் இளம்பறவை எது, தாய்ப்பறவை எது என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. முதல் குளிர்காலத்தில் இளம்பறவைகளுக்கு என்ன ஆகிறது என்பதைத் தொலைநோக்கியை மட்டும் வைத்துக்கொண்டு ஏன் அறிய முடியவில்லை என்பதற்கு இதுவே பாதிக் காரணம்.

சுமையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது அளக்கக்கூடியது. பல ஆண்டுகளாகப் பூனைப்பருந்துகளுக்குப் பயன்பட்ட சிறிய சூரியக் கருவியின் எடை 9.5 கிராம். பறவையின் உடல் எடையில் 3 விழுக்காட்டுக்கு மேல் சுமை போகக்கூடாது என்பது இத்துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. பெண் குஞ்சு 450 கிராமுக்கு மேல் இருக்கும் என்பதால் அங்கே சிக்கல் இல்லை. ஆண் குஞ்சு 320 கிராம் என்றால் 9.5 கிராம் என்பது சரியாக 3 விழுக்காட்டின் விளிம்பு. அதற்குக் கீழே போனால் கட்டக்கூடாது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் கூட்டிலேயே கண்ணைப் பார்த்துச் சொல்லலாம்: ஆணின் கருவிழி வளையம் சாம்பல், பெண்ணுடையது அடர்பழுப்பு, பெண்ணின் கால் தடிமனாகவும் இருக்கும். ஜூலை மாதத்து ஒரு காலை நினைவுக்கு வருகிறது. கண்ணிலும் காதிலும் கொசுவைவிடச் சிறிய பூச்சிகள் மொய்க்க, ஹெதருக்குள் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தோம். குஞ்சு மல்லாந்து விழுந்து இரண்டு கால்களையும் எங்களை நோக்கி நீட்டிக்கொண்டு கிடந்தது. துணிப்பையில் போட்டுத் தராசில் தொங்கவிட்டபோது முள் 311-இல் நின்றது. கருவி கையில் தயாராக இருந்தது, உரிமம் இருந்தது, அதற்குக் கொடுத்த பணம் ஒரு சிறு குடும்பத்தின் பல மாத வாடகைக்குச் சமம். காலில் வளையம் மட்டும் போட்டு, குஞ்சைக் கூட்டில் வைத்துவிட்டு வந்தோம். அன்று தலைமை தாங்கியவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. இந்த வேலையில் யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்பதை நான் அந்த மாதிரி நொடிகளில்தான் கற்றுக்கொண்டேன்.

கட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதுகுப்பையைப் போல, டெஃப்லான் நாடா இரண்டு தோள்களையும் சுற்றி வந்து மார்பெலும்பின்மீது குறுக்காகச் சேரும். அந்தச் சேர்க்கையைப் பருத்தி நூலால் தைப்பார்கள். நாடா மக்காது, நூல் காலப்போக்கில் இற்றுப்போகும். ஆகவே ஆயுள் முழுக்கப் பறவை அதைச் சுமக்க வேண்டியதில்லை என்பது கணக்கு. நாடாவுக்கும் உடலுக்கும் இடையில் எவ்வளவு இடம் விடுவது என்பதுதான் கைத்தேர்ச்சி. குஞ்சு இன்னும் சிறிது வளரும், இலையுதிர் காலத்தில் கொழுக்கும். இறுக்கினால் தோல் உராயும், தளர்த்தினால் அலகோ நகமோ மாட்டிக்கொள்ளும். அதனால்தான் கூட்டை விட்டுப் பறக்கச் சில நாள்களே இருக்கும்போது, ஏறத்தாழ முழு வளர்ச்சி அடைந்த பிறகு கட்டுகிறார்கள். பிரிட்டனில் இதற்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பயிற்சியைச் சோதித்தே உரிமம் தரப்படுகிறது.

இப்போது கருவி எப்படிப் பேசுகிறது என்பது. பழைய வகைக் கருவி தன் இருப்பிடத்தைத் தானே அறியாது. வானத்தை நோக்கி ஒரு சிறு ஒலிபரப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ 850 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் சுற்றிவரும் ஆர்கோஸ் செயற்கைக்கோள்கள் தலைக்குமேல் கடக்கும்போது அதைப் பிடிக்கும். ரயில் நம்மை நெருங்கும்போது ஊதல் கூர்மையாகவும் விலகும்போது தடித்தும் கேட்கிறதல்லவா, அதைப்போன்ற அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு கருவி எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். கிடைக்கும் இடக்குறிப்புகளில் மிகச் சிறந்த தரத்துக்கே 250 மீட்டர் பிழை உண்டு. கேட்கச் சிறிதாகத் தோன்றும். ஆனால் 250 மீட்டர் ஆரமுள்ள வட்டம் ஏறத்தாழ 48 ஏக்கர், அதுவும் மூன்றில் இரண்டு முறைதான் பறவை அந்த வட்டத்துக்குள் இருக்கும். தரம் குறைந்த குறிப்புகளில் பிழை ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டும். இடுப்பளவு ஹெதரும் சதுப்பும் உள்ள நிலத்தில் தவிட்டு நிறத்துப் பறவை ஒன்றை 48 ஏக்கருக்குள் தேடுவது என்றால் என்னவென்று தேடியவர்களுக்குத் தெரியும். இன்னொன்று: மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவிகள் 10 மணி நேரம் ஒலிபரப்பி, அடுத்த 48 மணி நேரம் உறங்கும்படி அமைக்கப்பட்டன. அந்த இரண்டு நாளில் பறவை பிரான்சுக்கே போய்விடலாம். ஆகவே கடைசிக் குறிப்பு வந்த இடத்தைப் 'பறவை இறந்த இடம்' என்று எழுதும் செய்தியாளரை நம்பாதீர்கள். அது 'கடைசியாகக் கேட்ட இடம்' மட்டுமே. புதிய வகைக் கருவிகளில் ஜிபிஎஸ் இருப்பதால் பிழை சில மீட்டராகக் குறைந்துவிட்டது. ஆனால் அவற்றில் பல, தரவை அலைபேசிக் கோபுரம் வழியே அனுப்புபவை. கோபுரம் இல்லாத மலையிடுக்கில் பறவை தங்கினால் வாரக்கணக்கில் ஒன்றும் வராது, பிறகு ஒரே நாளில் மொத்தமும் வந்து கொட்டும்.

குளிர்காலச் சூரியனைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. வட இங்கிலாந்தில் டிசம்பர் 21-ஆம் தேதி பகல்பொழுது ஏறத்தாழ ஏழு மணி நேரம்தான்; நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 12 பாகையை ஒட்டியே நிற்கும், அதையும் பெரும்பாலும் மேகம் மறைத்திருக்கும். குளிருக்குப் பறவை இறகைச் சிலிர்த்துக்கொண்டால் முதுகிறகு சூரியத்தகட்டின்மேல் படியும். கருவி பட்டினி கிடக்கும். ஆனால் பட்டினி கிடக்கும் கருவி திடீரென்று சாவதில்லை. ஒவ்வொரு செய்தியோடும் தன் பேட்டரியின் மின்னழுத்தம், உள்வெப்பநிலை, அசைவு ஆகியவற்றையும் அது அனுப்புகிறது. நவம்பரிலிருந்தே மின்னழுத்தம் மெல்லக் கீழே இறங்கும், செய்திகளின் எண்ணிக்கை குறையும், இடக்குறிப்பின் தரம் கெடும், பிறகே நிற்கும். நான்கு வோல்ட்டை ஒட்டி நிமிர்ந்து நின்று, முந்தைய நாள்வரை ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த கருவி அடுத்த சுற்றில் ஒன்றுமே சொல்லாமல் போவது வேறு வகை. 'சந்தேகத்துக்குரிய' என்ற சொல்லை நேர்மையாகப் பயன்படுத்துபவர்கள் இந்த இரண்டாவது வகையைத்தான் குறிக்கிறார்கள். நீங்கள் படித்த செய்தியில் மின்னழுத்த விவரம் இல்லை என்கிறீர்கள். அது இல்லாதவரை அந்தப் பறவை எந்த வகை என்று என்னால் சொல்ல இயலாது, வேறு யாராலும் சொல்ல இயலாது.

இதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். ஒரு பெண் பறவையின் கருவி நவம்பர் முழுக்கத் தேய்ந்து, டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அடங்கியது. தேய்வின் கோடு கண்முன் இருந்தும், கடைசிச் சில செய்திகளில் வெப்பநிலை குறைந்திருந்ததைப் பார்த்து, பதிவேட்டில் 'இறந்திருக்கக்கூடும்' என்று எழுதினேன். பிப்ரவரி கடைசியில் ஒரு காலை, அதே எண்ணிலிருந்து மூன்று செய்திகள்: அயர்லாந்தின் தென்கரையில், நல்ல வெயிலில், அசைந்துகொண்டிருந்தது. அந்தப் பதிவை அடித்துவிட்டுத் திருத்தி எழுதியதை இப்போதும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு, தேய்ந்து நின்ற எந்தக் கருவியையும் ஏப்ரல் வரை 'தெரியவில்லை' என்ற கட்டத்திலேயே விட்டுவைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இயற்கையாக இறந்த பறவையின் கருவி எப்படிப் பேசும் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்கு இன்னும் தெளிவு கிடைக்கும். பறவை பட்டினியாலோ நோயாலோ இறந்தால் கருவி சாவதில்லை. உடலோடு கிடந்து பேசிக்கொண்டிருக்கும். குறிப்புகள் ஒரே இடத்தில் குவியும், அசைவு நிற்கும், உள்வெப்பநிலை சுற்றுப்புறக் காற்றின் வெப்பநிலையோடு ஏறி இறங்கும். போய்த் தேடி எடுக்கலாம். ஜனவரியில் அப்படி ஒன்றைத் தேடி இரண்டு நாள் நடந்தோம். இரண்டாம் நாள் மாலை, இடிந்த கற்சுவர் ஒன்றின் காற்றுமறைவில், கோரைப்புல்லுக்குள் இறக்கையை லேசாக விரித்தபடி கிடந்தது. கையில் எடுத்தபோது ஒரு கையுறையை எடுப்பதுபோல இருந்தது. மார்பெலும்பு தோலுக்கடியில் கத்திமுனைபோல் துருத்தியிருந்தது, இருபுறத் தசையும் வற்றிப்போயிருந்தது. இரைப்பையில் ஒன்றுமில்லை என்று பிறகு மருத்துவர் சொன்னார். அந்தக் கருவி கடைசிவரை ஒழுங்காகவே பேசிக்கொண்டிருந்தது.

முதல் குளிர்காலம் ஏன் இவ்வளவு கொடியது என்று கேட்டால், பசிதான் முதல் விடை. கூட்டை விட்டுப் பறந்தபின் சில வாரங்கள் பெற்றோர் இரை கொண்டுவந்து தருவார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் அது நின்றுவிடும். பூனைப்பருந்தின் வேட்டை, கண்ணோடு காதையும் பொறுமையையும் நம்பியது: தரைக்கு ஓரிரு மீட்டர் மேலே, காற்றுக்கு எதிராக மெதுவாகத் துழாவிக்கொண்டே போய், புல்லுக்குள் வயலெலி அசையும் ஒலியைக் கேட்டுத் திரும்பி விழ வேண்டும். பழகிய பறவையே பல முறை வெறுங்காலோடு எழும். குளிர் வந்ததும் மேட்டுநிலத்து நெட்டைக்காலிகளும் வானம்பாடிகளும் தாழ்நிலத்துக்கு இறங்கிவிடும். இளம்பறவை அவற்றின் பின்னால் போகத் தெரிந்துகொள்ள வேண்டும், யாரும் வழிகாட்டுவதில்லை. ஒரே கூட்டில் பிறந்த உடன்பிறப்புகள் ஆளுக்கொரு திசையில் போவதை வரைபடத்தில் பார்ப்பது எனக்கு என்றும் அலுக்காத காட்சி: ஒன்று பிறந்த மலையிலிருந்து 20 கிலோமீட்டருக்குள்ளேயே குளிரைக் கழிக்கும், இன்னொன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சுக்கும் சிலசமயம் ஸ்பெயினுக்கும் போய்விடும். நரி, மின்கம்பி, புயல் எல்லாம் உண்டு. யாரும் கைவைக்காத இடங்களிலும் முதல் ஆண்டில் பாதிக்கும் மேற்பட்டவை இறப்பது இரைகொல்லிப் பறவைகளில் பலவற்றுக்கு இயல்பே. ஆகவே, ஓர் இளம்பறவை முதல் குளிர்காலத்தில் இறந்தது என்பது தன்னளவில் சந்தேகப்பட வேண்டிய செய்தி அன்று.

அப்படியானால் சந்தேகம் எங்கிருந்து வருகிறது? தனிப்பறவையிலிருந்து அன்று, பல பறவைகளைச் சேர்த்துப் பார்ப்பதிலிருந்து. 2019-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு, 2007 முதல் 2017 வரை கருவி பொருத்தப்பட்ட 58 பூனைப்பருந்துகளின் கதையை ஒன்றாக வைத்துப் பார்த்தது. முதல் ஆண்டைத் தாண்டியவை 17 விழுக்காடு. வேறு இடத்துப் பூனைப்பருந்துகளில் இது 36 முதல் 54 விழுக்காடு வரை. 58-இல் 42 பறவைகள், அதாவது 72 விழுக்காடு, சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டது உறுதியானவை அல்லது அப்படிக் கொல்லப்பட்டிருக்க மிகுந்த வாய்ப்புள்ளவை. இந்தக் கடைசி எண்ணை மேற்கோள் காட்டுபவர்கள் 'அல்லது' என்ற சொல்லை விழுங்கிவிடுகிறார்கள், நீங்கள் விழுங்காதீர்கள். அந்த ஆய்வில் என்னை அசைத்தது வேறு ஒன்று. குரௌஸ் என்னும் கௌதாரி போன்ற பறவையைச் சுடுவதற்காகவே எரித்தும் காவல் வைத்தும் பேணப்படும் மேட்டுநிலங்கள் வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பரந்து கிடக்கின்றன. வேட்டைப்பருவம் ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை. பூனைப்பருந்து குரௌஸ் குஞ்சுகளைத் தின்னும், கூட்டத்தைக் கலைக்கும். அதனால் அங்கே அதற்குப் பழைய பகை. அந்த நிலம் மிகுந்த பகுதிகளில் பறவை இறக்கவோ மறையவோ உள்ள வாய்ப்பு, அந்த நிலம் இல்லாத பகுதிகளைவிடப் பத்து மடங்கு. பறவைகள் அந்த நிலத்தில் கழித்த நேரத்துக்கு எவ்வளவு குறிப்புகள் வர வேண்டுமோ அதைவிட அதிகமாக, வாழ்வின் கடைசி வாரத்துக் குறிப்புகள் அங்கே குவிந்திருந்தன.

உங்கள் சூரிய வாதத்துக்கான விடை இதில்தான் இருக்கிறது. சூரியன் குரௌஸ் நிலத்தின்மேல் மட்டும் மங்குவதில்லை; அதே கருவி, அதே அட்சரேகை, அதே மேகம். கோளாறு மட்டுமே காரணமென்றால் மறைவுகள் நிலவரைபடத்தில் சிதறிக் கிடக்க வேண்டும், ஒரு வகை நிலத்தைத் தேடிப்பிடித்து நிற்கக்கூடாது. ஸ்காட்லாந்து அரசு 2017-இல் வெளியிட்ட பொன்னாங்கழுகு மதிப்பாய்வும் இதையே வேறு பறவையில் காட்டியது: 2004 முதல் 2016 வரை கருவி பொருத்திய 131 இளங்கழுகுகளில் 41, சந்தேகத்துக்கு இடமாகும்படி மறைந்திருந்தன. அந்த எண்ணை ஏற்க மறுத்தவர்கள் அப்போதும் கருவிக் கோளாறு என்றே சொன்னார்கள். 2016-இல் பெர்த்ஷயர் பகுதியில் திடீரென்று அடங்கிய கழுகுக் கருவி ஒன்று, 2020 மே மாதத்தில் பிரான் ஆற்றின் கரையில் நடக்கப் போனவர்கள் கண்ணில் பட்டது. நாடா வெட்டப்பட்டு, கருவி முழுவதும் ஈயத்தகட்டால் இறுகச் சுற்றப்பட்டிருந்தது. ஈயம் ஒலிபரப்பை மறைக்கும் என்று அறிந்த கை செய்த வேலை. ஒரே ஒரு கருவிதான், உண்மை. ஆனால் 'கோளாறு' என்று எண்ணப்பட்டவற்றுள் என்ன இருக்கக்கூடும் என்பதைக் கையில் எடுத்துக் காட்டியது.

சுமையே கொன்றிருக்கலாமே என்ற உங்கள் இரண்டாவது கேள்வியை இத்துறையினர் சிலர் எரிச்சலோடு ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன், அது தவறு. அமெரிக்காவில் ஐடஹோவின் ஸ்நேக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பிரெய்ரி வல்லூறுகளுக்குக் கருவி கட்டியபோது, சில பறவைகள் நாடாவைக் கடித்து அறுத்து உதறிவிட்டன. உதறியவை, சுமந்தவற்றைவிட அதிகமாகப் பிழைத்தன என்பதை அந்த ஆய்வாளர்களே எழுதி வெளியிட்டார்கள். வல்லூறு இரையைத் துரத்தி வேகத்தால் பிடிப்பது. அதற்கு முதுகில் ஒரு மேடு இருப்பது காற்றில் இழுக்கும். மெதுவாகத் துழாவிப் பறக்கும் பூனைப்பருந்துக்கு அதே அளவு பாதிப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது, இருக்கவே இருக்காது என்றும் சொல்ல முடியாது. கருவி கட்டாத இளம்பறவைகளை அதே நுணுக்கத்தோடு பின்தொடர வழியில்லாததால், ஒப்பிடுவதற்கு நமக்கு நல்ல கட்டுப்பாட்டுக் குழு கிடைப்பதில்லை. எனவே 17 விழுக்காடு என்ற எண்ணில் ஒரு சிறு பங்கு கருவியால் வந்ததாக இருக்கலாம் என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் சுமை எல்லாப் பறவைமீதும் ஒரே சுமைதான்; அதுவும் சூரியனைப் போலவே குரௌஸ் நிலத்தைத் தேர்ந்தெடுத்துக் கொல்லாது. தவிர, சுமையால் தளர்ந்து இறக்கும் பறவையின் கருவி, அந்தக் கற்சுவர் ஓரத்துப் பறவையின் கருவியைப் போல, உடலருகே கிடந்து பேசிக்கொண்டுதான் இருக்கும்.

இனி நீங்கள் படித்த அந்த ஒரு பறவைக்கு வருவோம். பல பறவைகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் தனிப்பறவைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. 2014 செப்டம்பரில் வட இங்கிலாந்தின் லங்கஷயரில், போலண்ட் காடு எனப்படும் மேட்டுநிலத்தில், அந்தக் கோடையில் பிறந்த ஸ்கை, ஹோப் என்ற இரண்டு இளம்பறவைகளின் கருவிகள் சில நாள் இடைவெளியில் அடங்கின, உடல்கள் கிடைக்கவில்லை. அவற்றைப் பற்றி நேர்மையாகச் சொல்லக்கூடியது, 'மறைந்தன' என்பது மட்டுமே. அதே காட்டில் 2011-இல் பிறந்து, போலண்ட் பெட்டி என்று பெயரிடப்பட்ட பெண் பறவையின் கதை வேறு. முதல் குளிர்காலத்தை அது தாண்டியது. 2012 ஜூலையில் யார்க்ஷயரில் ஒரு மேட்டுநிலத்தில் இறந்து கிடந்தது. கருவி பேசிக்கொண்டிருந்ததால் உடல் கிடைத்தது, காலெலும்பு முறிந்திருந்தது, அந்த முறிவில் ஈயத்துணுக்கு இருந்தது. அதைச் 'சுடப்பட்டது' என்று ஐயமின்றிச் சொல்லலாம். யார் சுட்டது என்று கருவியால் சொல்ல முடியவில்லை. குண்டடிபட்ட பறவை விழுவதற்கு முன் வெகுதூரம் பறந்திருக்கலாம் என்பதால், கிடைத்த இடத்தின் உரிமையாளரைக் குற்றவாளி என்பதும் கூடாது. உங்கள் செய்தியில் வரும் பறவைக்கு உடலும் இல்லை, மின்னழுத்த வரலாறும் சொல்லப்படவில்லை. நான் பதிவேடு எழுதுபவனாக இருந்தால் இன்றைக்கு 'காரணம் தெரியாத மறைவு' என்று எழுதி, கடைசி ஆறு வாரத்து மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். மின்னழுத்தம் நிமிர்ந்திருக்கும்போதே கருவி அடங்கியிருந்தால் சந்தேகம் என்ற சொல்லுக்கு இடமுண்டு. தேய்ந்து நின்றிருந்தால், வெயில் ஏறும்வரை காத்திருப்பேன்.

தூத்துக்குடிப் பக்கம் பூனைப்பருந்துகள் அடையும் புல்வெளி உங்கள் ஊருக்கு அருகில் இருப்பதாகச் சொன்னதால் ஒன்றைச் சேர்க்கிறேன். மத்திய ஆசியாவில் பிறந்த பூனைப்பருந்துகள் நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே இருக்கின்றன. அவற்றில் முதல் குளிர்காலப் பறவைகளும் உண்டு, அவற்றில் ஏதேனும் ஒன்றின் முதுகில் ஒரு நாள் கருவியைப் பார்க்கவும் வாய்ப்புண்டு. 2018 நவம்பரில் மணிப்பூரில் கருவி பொருத்திய இரண்டு அமூர் வல்லூறுகளில், அந்த மாநிலத்தின் பெயரையே சூட்டியிருந்த பறவை, பொருத்திய சில நாளிலேயே கொல்லப்பட்டுக் கிடந்ததைக் கருவியே காட்டிக்கொடுத்தது. உங்கள் புல்வெளியில் இறந்த பறவை ஒன்றைக் கருவியோடு பார்த்தால், நாடாவை வெட்டாதீர்கள், உடலைப் புரட்டாதீர்கள். கிடந்த நிலையிலேயே நான்கு பக்கமும் படமெடுத்து, நேரத்தைக் குறித்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். கருவியின்மேல் சிறு எழுத்தில் ஓர் எண்ணும், காலில் வளையம் இருந்தால் அதில் ஓர் எண்ணும் இருக்கும், இரண்டையும் படமெடுங்கள். உடல் இல்லாமல் கருவி மட்டும் மண்ணில் குப்புறக் கிடந்தால், கிடந்தபடி முதலில் படமெடுத்துவிட்டு, சூரியத்தகடு மேலே பார்க்கும்படி அங்கேயே திருப்பி வையுங்கள். நம் ஊர் வெயிலில் சில மணி நேரம் கிடந்தால், பல மாதம் அடங்கிக் கிடந்த கருவியும் மறுபடி பேசக்கூடும். எங்கோ ஒரு மேசையில் யாரோ ஒருவர் அன்று காலை தரவைத் திறந்து பார்ப்பார்.